மூன்றாம் ஆள்

காலி வீதிச் சுவரில் என் போஸ்டரின் மேல்
பொருளியல் சேர் ஒருவரின் முகத்தை ஒட்டியிருந்தார்கள்.
'வரலாறு' என்பதில் 'வர' மட்டும் மிச்சம்.
அதைப் பார்த்தும் ஆறு பேர் வந்தார்கள்.

வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடைக்கு மேலே
மூன்றாம் மாடி. நடுவில் பிளைவுட் தடுப்பு.
அந்தப் பக்கம் நானூறு பேர், மைக், இரண்டு ஸ்பீக்கர்.
இந்தப் பக்கம் நானும் டொனமூர் யாப்பும்.
'சர்வசன வாக்குரிமை' என்று நான் தொடங்க,
'கேள்வி வளையி வலப்பக்கம் நகரும்' என்கிறது தடுப்பு.
ருஸ்னியா இரண்டையும் சேர்த்தே எழுதிக்கொண்டாள்:
1931இல் வாக்குரிமை வலப்பக்கம் நகர்ந்தது.
யோசித்துப் பார்த்தேன்.
பிழை போடக் கை வரவில்லை.

எனக்கு இருபத்தாறு வயது.
வரலாற்றில் சிறப்புப் பட்டம்.
நியமனம் கேட்டு அமைச்சின் வாசலில்
மூன்று தடவை வெயிலில் நின்றதும் சேர்த்து
அதுதான் என் தகைமை.

மாணிக்கராஜுக்கு இருபத்து மூன்று.
இது கடைசித் தடவை.
கீழே அதே புடவைக்கடையில் வேலை.
ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் முதலாளி விடுவார்,
கழுத்தில் அளவு நாடாவோடு படியேறி வருவான்.
மஸ்கெலியாப் பக்கம் ஊர்.
வருடங்களையும் அளந்துதான் சொல்வான்:
"முப்பத்தொன்னுல இருந்து நாப்பத்தெட்டு.
பதினேழு மிஸ்.
அவ்வளவுதானா?"

அந்தக் கிழமை நான் கொடுத்த கேள்வி
குடியுரிமைச் சட்டம், 1948. விளைவுகளை ஆராய்க.
அவன் விடையை நூற்றைம்பத்தைந்து பஸ்ஸில்
ஜன்னலோரம் வைத்துத் திருத்தினேன்.
ஆண்டுகள் சரி. எண்ணிக்கை சரி.
தாள் மிச்சம் பிடிக்கிற நெருக்கமான எழுத்து.
மூன்றாம் பக்கத்தில்
'அவர்கள்' 'நாங்கள்' ஆகியிருந்தார்கள்.

எங்களிடம் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள்.
நாங்கள் எதிரில்தான் நின்றோம்.
அது அத்தாட்சி ஆகவில்லை.

டவுன்ஹோலில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது.
பதினொரு 'நாங்கள்' வெட்டினேன்.
பதினொரு 'அவர்கள்' போட்டேன்.
ஓரத்தில் சிவப்பில்: மூன்றாம் ஆளில் எழுதுக.
எனக்கும் அப்படித்தான் படிப்பித்தார்கள்.
புள்ளி அங்கேதான் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு தாளைப் பார்த்தான்.
"சரி மிஸ்" என்றான். நாடாவைச் சுருட்டினான், விரித்தான்.
"அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு கேட்டா?"
அப்படிக் கேட்க மாட்டார்கள் என்றேன்.
தடுப்புக்கு அப்பால் நானூறு பேரும்
ஒரே நேரத்தில் சிரித்தார்கள், வேறெதற்கோ.

பரீட்சை நாள்.
பம்பலப்பிட்டியில் பாடசாலை வாசல், மழை.
ருஸ்னியா தன் வாப்பாவின் முச்சக்கரவண்டிக்குள் இருந்து
கையைக் காட்டிவிட்டுப் போனாள்.
மாணிக்கராஜ் கடைசியாக வந்தான்,
நுழைவு அட்டையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு.

"அந்தக் கேள்வி வந்துச்சி மிஸ்.
எல்லா எடத்துலயும் அவங்கன்னுதான் போட்டேன்.
கடைசி வரில மட்டும் நாங்கன்னு வந்துருச்சி.
மணி அடிச்சிட்டாங்க, வெட்ட நேரம் பத்தல.
எத்தனை புள்ளி போகும்?"

ஒன்று, ஒன்றரை.
இல்லையென்றால் ஒன்றுமே போகாது.
திருத்துகிறவர் எந்த பஸ்ஸில் இருப்பாரோ.
"தெரியாது" என்றேன்.
அவன் தலையாட்டினான்,
முதல் தடவையாக நான் சரியாகச் சொன்னதுபோல.

நூற்றொன்று வந்தது. ஓடி ஏறிவிட்டான்.
கடையில் அரை நாள் லீவுதான் கொடுத்திருந்தார்கள்.