முப்பத்தொரு தலைகள்

வழிகாட்டி ஷூ யின்னுக்குத் தொண்டை கட்டிவிட்டது.
காலை ஆறரைக்கு மஞ்சள் கொடியை
என் கையில் திணித்தாள்.
"நீங்கள் பேசுங்கள், நான் எண்ணுகிறேன்" என்று
கைபேசியில் எழுதிக் காட்டினாள்.

ஒன்பது வருடமாய் செங்டுவில் இந்தப் பேருந்தை ஓட்டுகிறேன்.
பாண்டா வாசல்வரை
லட்சம் பேரைக் கொண்டுபோய் இறக்கியிருப்பேன்.
ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.
வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு கற்பூர மரம் உண்டு.
அதன் நிழல் எனக்கு அங்குலம் அங்குலமாய்த் தெரியும்.

ஹார்பினிலிருந்து வந்த முப்பத்தொரு பேர்.
பாதி, கொதிகலன் ஆலையில் ஓய்வுபெற்றவர்கள்,
மீதி, அவர்களைக் கட்டிக்கொண்டவர்கள்.
எல்லார் தலையிலும் சிவப்புத் தொப்பி.
இதெல்லாம் ஒரு குளிரா என்று
பனிமூட்டத்தில் நின்று குறைப்பட்டார்கள்.
ஒலிபெருக்கியைப் பிடித்ததும்
எனக்கு வந்த ஒரே வாக்கியம்:
"படி உயரம், பார்த்து இறங்குங்கள்."

முதல் பாண்டா முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது.
இரண்டாவதும்.
மூன்றாவது கிளையில்
துவைத்துப் போட்ட கம்பளியாய்த் தொங்கியது.
"இதற்கா ஐந்து மணிக்கு எழுப்பினீர்கள்?"
தாங் குவெய்ஷெங் என்னைத்தான் கேட்டார்,
பாண்டாவை நான் தாலாட்டித் தூங்கவைத்தது மாதிரி.
என்ன பதில் சொல்ல.
மற்ற நாளென்றால் நானும் இந்நேரம்
இருக்கையைச் சாய்த்து
வயிற்றின் மேல் கைகோத்துப் படுத்திருப்பேன்.
யாரும் சீட்டு வாங்கிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் ஒன்று எழுந்தது.
அவசரமே இல்லாமல் வந்து
காலை நீட்டி உட்கார்ந்து
மூங்கிலை வயிற்றில் குவித்துக்கொண்டு
ஒவ்வொன்றாய்ப் பல்லால் உரித்தது,
கரும்பு தின்கிற பிள்ளையைப்போல.
முறிகிற சத்தம் அகழிக்கு இந்தப் பக்கம் கேட்டது.
கைபேசிகள் எல்லாம் உயர்ந்தன.
என் கையில் கொடி.
அது என்னைப் பார்த்தது என்று சொல்லமாட்டேன்.
கொடியைப் பார்த்திருக்கலாம்.

மதியம், மிளகாய் எண்ணெயில் மீன்.
வடக்கத்திக்காரர்கள் அழுதுகொண்டே தின்றார்கள்.
உதடு மரத்துப்போய்
சொந்த மனைவி பெயரையே குழறினார்கள்.

மாலை நாடகசாலை.
மூங்கில் நாற்காலி, மூடிபோட்ட தேநீர்க் கிண்ணம்.
மேடையில் சூதாடிக் கணவன் ஒருவன்;
அவன் மொட்டைத் தலையில் எரியும் விளக்கை வைத்து
பெஞ்சுக்கடியில் தவழச் சொல்கிறாள் மனைவி.
சுடர் அணைந்தால் முதலிலிருந்து.
குவெய்ஷெங்கின் மனைவி தொடையில் அடித்துச் சிரித்தாள்.
வழியெல்லாம் சீட்டாடி வந்த மனிதர்
மெல்லத் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பிறகு முகம் மாற்றுகிறவன்.
சிவப்பு. விசிறி அசைந்தது, பச்சை.
கறுப்பு, தங்கம், நீலம்.
கீழே இறங்கி வந்து யின்னின் கையைக் குலுக்கினான்;
குலுக்கிய கை விடுபடுமுன்னே வேறு முகம்.
அவள் கூச்சலிட வாயைத் திறந்தாள்,
காற்றுதான் வந்தது.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று என்றேன்.
அவள் விரல்விட்டுப் பன்னிரண்டு என்றாள்.
கடைசியாக வந்த,
வியர்த்துப்போன அந்தப் பையன் முகத்தை
நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பேருந்தில் முப்பதுதான் இருந்தது.
திரும்பி ஓடினேன்.
காலி அரங்கில் குவெய்ஷெங்,
தொப்பி கழற்றி, தலையில் கிண்ண மூடியை வைத்து,
பெஞ்சுக்கடியில் பாதி நுழைந்திருந்தார்.
பெருக்குகிறவர் துடைப்பத்தில் சாய்ந்து
இலவசமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நானும் கூப்பிடவில்லை.
முழங்கால் நெட்டி முறிந்தது. மூடி ஆடியது.
விழவில்லை என்று சொன்னால் பொய்.
"வீட்டுக்காரியிடம் சொல்லிவிடாதீர்கள்" என்றார்,
தூசியைத் தட்டியபடி.

கண்ணாடியில் முப்பத்தொரு சிவப்புத் தொப்பிகள்,
எல்லாம் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து தூங்கின.
கொடியைச் சுருட்டி இருக்கைக்கடியில் வைத்தேன்.
நாளைக்கே குரல் வந்துவிடும் என்கிறாள், எழுத்தில்.
பேரிக்காயும் கற்கண்டும் வேகவைத்துக் குடி என்றேன்.
மெதுவாகக் குடி, என்றேன்.
அவசரமில்லை.