நாற்பது விநாடி

விசுவமடுவில் பெக்கோ வாய்க்கால் வெட்டியபோது
எங்கள் ஃபைபரையும் சேர்த்து வெட்டியது.
புதுக்குடியிருப்புக்கு ஒன்றரை மணிநேரம் இணையம் இல்லை.
மாங்குளத்தால் சுற்றிப்போக வழி இருந்தது.
ரூட்டருக்கு அது தெரியாது.
நான் கையால் எழுதிக்கொடுத்த ஒரே வழியைப் பிடித்துக்கொண்டு
அறுந்த பக்கமே அனுப்பிக்கொண்டிருந்தது.

அதனால் இன்றிரவே முடிவெடுக்க வேண்டும்.
கிளிநொச்சி, கடைக்கு மேல் அறை,
ஆறிப்போன இரண்டு பிளேன்ரீ.
றொபின்சன் வெண்பலகையில் வளையம் கீறுகிறான்:
பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு,
ஒட்டுசுட்டான், மாங்குளம்,
திரும்பவும் நாங்கள்.

"றிப் காணும் அக்கா, லேசு."

றிப் ஊர்க்கதை மாதிரி.
பக்கத்து வீடு சொன்னதை
ஒன்று கூட்டி அடுத்த வீட்டுக்குச் சொல்லும்.
பாதை பூட்டியாச்சாம். பாதை திறந்தாச்சாம்.
ஆர் கண்டது என்று கேட்கேலாது.
பதினாறு தாவல் ஆனால் முடிவிலி என்று கைவிட்டுவிடும்.
அம்மாவின் கணக்கில் நாங்கள் இடம்பெயர்ந்தது
பதினேழு தரம்.
"வேண்டாம்" என்றேன்.

ஐஎஸ்-ஐஎஸ் நல்லதுதான்,
எங்கள் மலிவுப் பெட்டிகளில் அது இல்லை.
கொழும்புக்குப் போகும் இரண்டு வாசலிலும் பிஜிபி:
அங்கே தூரத்தைவிட ஒப்பந்தம் பெரிது,
ஆரோடு கதைப்பது, ஆரை நம்புவது,
எங்கள் முகவரிகளை ஆருக்குச் சொல்வது.
உள்ளுக்குள் ஓஎஸ்பிஎஃப்.
ஒவ்வொரு கோபுரத்திடமும் முழு வரைபடம்.
ஒரு துண்டு அறுந்தால் எல்லோருக்கும் தெரியும்,
அவரவர் தாங்களே கணக்குப் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டு மணிக்கு றொபின்சன் தட்டச்சில் நின்றான்.
"பத்து விநாடிக்கு ஒரு ஹலோ.
நாற்பது விநாடி சத்தம் இல்லையெண்டால்
அயலான் செத்ததாய்க் கணக்கு.
இதை அப்பிடியே விடவா?"

அவனுடைய அம்மா
கோயிலடிப் பந்தலில் மூத்தவனின் படத்தோடு இருக்கிறா.
எத்தனையாவது நாள் என்று
அங்கே ஒரு பலகையில் எழுதி மாற்றுவார்கள்.
காலையில் அதைத் தாண்டித்தான் நான் வேலைக்கு வருகிறேன்.

எனக்கு வாய் வரவில்லை.
மேசையில் கிடந்த கேபிள் துண்டைச் சுற்றினேன், அவிழ்த்தேன்.

"நாலாகக் குறைக்கிறன்" என்றான் அவனே.
"பெட்டிதானே."

விசுவமடுவில் நின்ற சிந்துஜனுக்கு அழைப்பெடுத்தோம்.
இழையைக் கழற்றினான்.
திரையில் பிங் ஒன்று தொலைந்தது,
இரண்டு, மூன்று, நாலு.
ஐந்தாவது மாங்குளத்தால் சுற்றி
ஆறு மில்லிவிநாடி பிந்தி வந்தது.

றொபின்சன் ஆறின தேத்தண்ணியைக் குடித்தான்.
"திருப்பிக் கொழுவச் சொல்லுங்கோ" என்றான்,
"அவன் பற்றைக்குள்ள தனிய நிக்கிறான்."