உப்புப் பூத்த சுவர்

மஹ்ரூபா டீச்சருக்கு,
கல்வாடியில் கணக்கு எழுதுகிற சரூக்.

உங்கள் புகார் கிடைத்தது.
முன்விறாந்தைச் சுவரில் வெள்ளை பூக்கிறது என்றும்
இரண்டு தரம் பெயின்ட் உரிந்தது என்றும்
மேசன் எங்கள் கல்லைத்தான் குற்றம் சொல்கிறான் என்றும்.

மேசன் சொல்வது சரி.

உங்கள் மூவாயிரத்து நானூறு கல்லும்
மேற்குக் குழி மண்.
எட்டடி வரைக்கும் வட்டை மண், நெல்வேர், நத்தையோடு.
அதற்குக் கீழே நீலக்கறுப்பாய் ஒரு களி.
அழுகின முட்டை மணம்.
மண்வெட்டியைப் பிடித்தால் விடாது.

அதைப் பிளந்தபோது உள்ளே ஓர் இலை.
பச்சை, டீச்சர்.
முழுப் பச்சையில்லை, தேயிலைச் சாயம் விழுந்த பச்சை.
போனை எடுத்து, சேற்று விரலைச் சாரனில் துடைத்து,
கமராவைத் திறப்பதற்குள்
கறுத்துவிட்டது.
எத்தனை ஆயிரம் வருஷம் காற்றுப் படாமல் கிடந்ததோ,
எங்கள் ஒரு மூச்சுக்குத் தாங்கவில்லை.
படத்தில் இருப்பது கரி மட்டும்தான்.

வீரமுனைக் கோணாமலை
ஞாயிறுகளில் களப்பில் நண்டுக்கூடு போடுகிறவன்.
குனிந்து பார்த்து, "கண்ணா" என்றான்.
"உப்புத் தண்ணிக்குள்ள நிக்கிற மரம்.
குடிச்ச உப்ப இலையால வேர்த்துப் போடும்."

கடல் இங்கிருந்து மூன்று கட்டை,
காரைதீவுக்கும் அப்பால்.
குழியைச் சுற்றிலும் வேளாண்மை, குடலைப் பருவம்.
சம்மாந்துறை, சம்மாந்துறை என்று
பதினோரு வருஷமாகப் பற்றுச்சீட்டில் எழுதுகிறேன்.
எதன் துறை என்று
அன்றைக்குத்தான் கை நின்றது.

அந்தக் கட்டியை மட்டும் மிதிக்க விடவில்லை.
இலை மேலே தெரிய அச்சில் அமுக்கி
சூளையின் நடு வரிசையில் வைத்தேன்.
பிரித்தபோது இலை இல்லை.
நரம்புகள் இருந்தன, சிவப்பில்,
எறும்பொன்று இறங்கி நடக்கிற ஆழத்துக்கு.

மிச்சக் களியெல்லாம் உங்கள் சுவர்.
அது இன்னும் வேர்க்கிறது.

காசு திருப்ப முதலாளிக்குச் சம்மதமில்லை.
இரண்டு மூடை சுண்ணாம்பு அனுப்பச் சொன்னார், அனுப்புகிறேன்.
பூசுங்கள்.
நிற்காது.

யாரும் பார்க்காத நேரமாக
அந்த வெள்ளையில் ஒரு விரல் தொட்டு
நாக்கில் வைத்துப் பாருங்கள்.

பி.கு.: நரம்புக் கல்லை யாருக்கும் விற்கவில்லை.
மேசையில் இருக்கிறது,
உங்கள் புகாருக்குப் பாரமாக.
இங்கே பின்னேரம் கடற்காற்று அடிக்கும்.