இரண்டு தரம் கேட்பீர்கள்

தரம் பதினொன்று, பி பிரிவு.
மாங்குளத்து வெயில் ஏறி
கூரைத் தகரம் டிக் டிக்கென்று விரிகிற நேரம்.
ஸ்பீக்கரை மேசையில் வைக்கிறேன்.
ஒரு பக்கம் உடைந்தது, ரப்பர் பான்ட் போட்டது.
சாகக் கிடக்கும் ஒருவர்
காசு தாட்ட இடத்தைச் சொல்லப்போவதுபோல
எல்லோரும் முன்னுக்குச் சாய்கிறார்கள்.

இரண்டு தரம் கேட்பீர்கள், என்கிறது குரல்.
பால் குடித்து வளர்ந்த குரல்.
செருமத் தேவையில்லாத குரல்.

முதலாவது ரெயில்.
ஏன் பிந்தியது?
பனி. இலைகள். வேலைநிறுத்தம்.
“தண்டவாளத்தில இலை விழுந்தா ரெயில் நிக்குமோ மிஸ்?”
மதுசிகன்.
வகுப்பு சிரித்து ஓய்ந்தது.
அவன் மூன்றையும் வெட்டி
மாடு என்று எழுதியிருக்கிறான்.
போன மாதம் அவர்களுடைய இரண்டு
அப்படித்தான் போனது.

இரண்டாவது ஒரு வீடு.
மணி அடிக்கிறது.
உள்ளேயிருந்து ஒரு பெண், பாட்டு மாதிரி,
வாங்கோ, கதவு திறந்துதான் கிடக்கு, என்கிறாள்.
வந்தது யார்?
தபால்காரர், பக்கத்து வீட்டார், குழாய் திருத்துபவர்.
பதினைந்து விநாடி மௌனம்.
அந்த மௌனத்துக்குள் ஒரு மண் டிப்பர்
கியர் மாற்றிக்கொண்டு போகிறது.

அபிசாளினி எழுதவில்லை.
முதல் தரம் அவள் எழுதுவதேயில்லை.
பேனை மூடி கழற்றாமல்
தலையைக் கொஞ்சம் சரித்து இருப்பாள்.
ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.
“ஆள் கோவமோ இல்லையோ எண்டு
முதல் பாக்கிறது மிஸ்.
சொல்லுப் பிறகு.”

வியாழக்கிழமைகளில்
அவர்கள் வீட்டுக்கு லோன்காரன் வருவான்.
சைலன்சர் வெடித்த பல்சர்.
பனங்கூடல் திருப்பத்திலேயே அவளுக்குத் தெரியும்.
பல்சர் என்றால்
அம்மா கிணற்றடி தாண்டி உழுந்துக்காணிக்குள்.
சித்தப்பாவின் லான்ட்மாஸ்டர் என்றால் இருக்கலாம்.
படலையில் நின்று “அக்கா” என்று கூப்பிட்டால்
இன்னும் ஒரு கிழமை தவணை உண்டு.
பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இல்லை.
ஒருக்கா ஆளை மாற்றி அனுப்பினார்கள்.
ஸ்கூட்டி. சத்தமே இல்லை.
அம்மா உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தா.
“அது நான் விட்ட பிழை மிஸ்” என்றாள்,
ஒரு புள்ளி குறைந்ததைச் சொல்வதுபோல.

அவளுடைய வயதில் நானும்
மேலே போவது எது, கீழே வருவது எது என்று
சத்தத்தைக் கொண்டு பிரித்தவள்தான்.
நூற்றுக்கு நூறு எடுத்திருக்க வேண்டும்,
இல்லையென்றால் இந்த மேசைக்கு முன்னால் நிற்கமாட்டேன்.
அவளுக்கு அதைச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் பாடமாகிவிடும்.

இரண்டாம் தரம்.
மணி. பாட்டுக் குரல்.
சரியாக அந்த இடத்தில் கொழும்பு ரெயில் வந்து
ஜன்னல் கம்பியெல்லாம் அதிர
வந்தவரை முழுதாக விழுங்கிவிட்டுப் போனது.
(இலை விழாத தண்டவாளம், மதுசிகன் முணுமுணுத்தான்.)
விதிப்படி மூன்றாம் தரம் கிடையாது.
போட்டேன்.

பக்கத்து வீட்டார் என்பதுதான் விடை.
இருபத்தொன்பது பேரில் பதினேழு பேர் சரி.
அபிசாளினியும் சரி.
ஆனால் விடைக்குக் கீழே, கோடு முடிந்த இடத்தில்,
பென்சிலால், ஆங்கிலத்தில்,
ஒரு எஸ் விடுபட்ட கேள்வி:
ஆரெண்டு பாக்காமல்
அவ ஏன் கதவைத் திறந்து வைக்கிறா?

அதைப் பதினொன்று ஐம்பதுக்கு வாசித்தேன்.
மணி அடித்து, அடுத்த பாடத்துக்குக்
கணித ஆசிரியர் வாசலில் வந்து நிற்கும்வரை
சிவப்புப் பேனை கையில் இருந்தது.
புள்ளித்திட்டத்தில் அதற்கு இடமில்லை.
விடுபட்ட எஸ்ஸை மட்டும்
சின்னதாகப் போட்டுக் கொடுத்தேன்.