ரோடு காணவில்லை

"வண்டி இருக்கு மேடம், வானம் இருக்கு,
தென்னமரம்கூட வரிசையா வருது.
ரோடு மட்டும் காணோம்"
என்றார் ஜபருல்லா,
ஸ்டேஷனில் புகார் எழுதித் தருபவரைப் போல.
தலையணை உறையிலிருந்து போர்டை உருவி
என் மேசைமேல் வைத்தார்.
புரசைவாக்கத்தில் அவருக்கு விளையாட்டுக்கூடம்.
லீவு விட்டுவிட்டார்கள், பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள்,
திங்கட்கிழமைக்குள் வேண்டும்.

ரிச்சி தெரு, இரண்டாம் மாடி.
மின்விசிறியை நிறுத்தினேன்.
வியர்வை வழியட்டும், ஈயம் ஆறக் கூடாது.
ஐந்து வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில்
நாலு புள்ளி எட்டு. போகட்டும், பிழைத்துக்கொள்ளும்.

திரையில் அவர் சொன்னதுதான்.
மேலே நீலம். கீழே கன்னங்கரேல்.
நடுவில் அந்தரத்தில் ஓடுகிறது சிவப்புக் கார்.
இருநூற்றுப் பத்தாம் வேகத்தில் சக்கரம் சுற்றுகிறது,
எதன்மேல் என்று அது கேட்கவே இல்லை.

வரைபடம் கிடையாது.
எனக்கு முன் எவரோ கை வைத்திருக்கிறார்:
குறுக்கே ஒரு நீல ஒயர்,
காய்ந்த பசை,
ஓரத்தில் மார்க்கர் பேனாவால்
'இங்கே தொடாதே'.
தொட்டேன்.

உயர்ந்தால் சிவப்பு, தாழ்ந்தால் பச்சை,
ஆய்வுமுனைக்குத் தெரிந்தது அவ்வளவே.
ஒவ்வொரு காலாக விசாரித்துக்கொண்டு போனால்
இருபது கால் சிப் ஒன்றின் பதினோராம் காலில்
சிவப்பும் இல்லை பச்சையும் இல்லை.
இரண்டுங்கெட்டான்.

நல்ல சிப் ஒன்றை அதன் முதுகில்
உப்புமூட்டை ஏற்றி விரலால் அழுத்தினேன்.
ஒரு நொடி,
பாதி ரோடு வந்தது.
இடது பாதி.
விரலை எடுத்தேன், போய்விட்டது.

அதற்குள் விரலில் கொப்புளம்.
கால்களை வெட்டி, ஒவ்வொன்றாய் இழுத்து,
இருபது துளையிலும் ஈயம் உறிஞ்சி,
சாக்கெட் வைத்து முடிக்கையில்
தெருவில் ஷட்டர்கள் இறங்கிக்கொண்டிருந்தன.
கடைசிக் கடையில் முப்பது ரூபாய்க்குப் புது சிப்.
அத்தனை பளபளப்பு எனக்குப் பிடிக்கவில்லை.
நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்துத் தேய்த்தேன்:
எண் கரைந்தது,
அடியில் வேறொரு எண் முழித்தது.

திட்டினேன். யாரை என்று தெரியாமல்.
பிறகு பரணிலிருந்து
செத்துப்போன மோட்டார் சைக்கிள் பந்தய போர்டை இறக்கி
அதன் சிப்பைக் கழற்றி இதற்கு மாட்டினேன்.
அதற்கு இனி ரோடு தேவைப்படாது.

வந்தது.
சாம்பல் நிறத்தில், நடுவே வெள்ளைக் கோடு,
இரு கரையிலும் சிவப்பு வெள்ளைக் கட்டம்.
சோதிக்க வேண்டுமே, ஓட்டினேன்.
ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போடத் தெரியாமல்
இரண்டு முறை திரும்பி வந்தவள் நான்.
இங்கே யாரும் எட்டு கேட்கவில்லை.
மூன்றாம் சுற்றில் ஒரு தென்னையை மோதி,
ஐந்து முறை உருண்டு, எதுவும் ஆகாமல் எழுந்து,
நேரம் முடிந்து நின்றேன்.
மணி ஒன்றே கால்.

காலையில் பில் எழுதினேன்:
ரோடு – 1. பொருத்தியது. கூலியுடன் 1,800.
படித்துப் பார்த்தார் ஜபருல்லா.
"ஒரு ரோடுக்கா இவ்வளவு?"
"கார்ப்பரேஷன்ல கேட்டுப் பாருங்க பாய்."
சிரித்தார், நூறு குறைத்தே கொடுத்தார்.

போர்டை மறுபடி தலையணை உறைக்குள் நுழைத்து
ஆட்டோவில் ஏறினார்.
டிரைவர் திரும்பி ஏதோ சொல்ல,
இவர் இறங்கி, தலை தூக்கி,
மாடியில் நின்ற என்னைப் பார்த்துக் கத்தினார்:
மெட்ரோவுக்குத் தோண்டிவிட்டார்களாம்,
நேற்றிருந்த வழி இன்றில்லையாம்.

நான் கையை விரித்தேன்.
கொப்புளம் அவருக்குத் தெரிந்திருக்காது.