ஐஸ்கட்டி, மூன்று பை

டர்பன் துறைமுகத்துக்கு முதுகு காட்டியபடி
நான்காம் மாடியில் என் மேசை.
வேலையாய் வெளியூர் போனவர்களின் பில்கள்
திங்கட்கிழமை காலை என்னிடம் வந்து சேரும்,
கசங்கி, காப்பிக் கறையோடு,
ஒன்றிரண்டு
சட்டைப்பையிலேயே துவைபட்டு உலர்ந்து.

ஊர் பார்க்காமலே ஆட்களைப் பார்த்துவிடுவேன்.
புளூம்ஃபொன்டைனில் நள்ளிரவு ஒன்றரைக்கு
பெட்ரோல் போட்டவன்
தூங்காமல் ஓட்டியிருக்கிறான்.
ஈஸ்ட் லண்டனில் தலைவலி மாத்திரை, இரண்டு அட்டை:
கூட்டம் நல்லபடி முடியவில்லை.
ராச்சாப்பாட்டுக்கு பில்லே வைக்காதவர்
பேட்டாவை மிச்சம் பிடித்து
பிள்ளைக்கு ஷூ வாங்குகிறவர்.
நானும் ஒரு காலம் போர்ட் எலிசபெத்தில்
மூன்று நாள் ரொட்டியும் வாழைப்பழமும் தின்றவன்தான்.
தெரிந்து என்ன.
கூட்டவும் கழிக்கவும்தான் எனக்குச் சம்பளம்.

அப்படித்தான் போட்டேன் அந்தச் சிவப்புக் கோட்டை.
பிரபாஷ்ணி மூட்லி, தரக்கட்டுப்பாடு,
அப்பிங்டன், நான்கு நாள்.
அறை சரி. டாக்ஸி சரி.
ஐஸ்கட்டி, மூன்று பை, எழுபத்தைந்து ராண்ட்.
ஓரத்தில் எழுதினேன்: காரணம் இல்லை.
மனசுக்குள் எழுதியது வேறு:
விஸ்கிக்குக் கம்பெனியா ஐஸ் வாங்கித் தரும்?

புதன்கிழமை வந்தாள்.
கோபமாக வந்திருந்தால் சமாளித்திருப்பேன்.
கடன் கேட்க வந்தவள்போல
நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"பிள்ளைக்கு ஐந்து மாசம்.
மூன்று மணிக்கொரு தரம் பால் கட்டிக்கொள்கிறது.
பீய்ச்சிப் பீய்ச்சி பாட்டிலில் எடுத்தேன்.
அறையில் இருந்த குட்டி ஃப்ரிட்ஜ்
மின்வெட்டு வந்தால் வெறும் அலமாரி.
கைகழுவும் தொட்டியில் ஐஸைக் கொட்டி
பாட்டில்களை அதில் நட்டு வைத்தேன்."

அவள் எதற்குப் போனாள் என்று
அப்போதுதான் அந்தக் கட்டத்தைப் படித்தேன்.
ஏற்றுமதித் திராட்சை. குளிர்கிடங்குச் சோதனை.
பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே
பன்னிரண்டாயிரம் பெட்டி.
மின்சாரம் போனால் ஜெனரேட்டர்,
அது போனால் இன்னொன்று.
பகலெல்லாம் பழத்துக்குக் குளிர் அளந்தவள்
இருட்டில் பெட்ரோல் பங்க்வரை நடந்திருக்கிறாள்
ஒரு பை ஐஸுக்கு.

"நாலாம் நாள் கையில் சில்லறை இல்லை.
இரண்டு பாட்டிலை ஊற்றிவிட்டேன்," என்றாள்.
எங்கே என்று நான் கேட்கவில்லை.
அதற்கெல்லாம் ரசீது கிடையாது.

கணினியில் தேடினேன்.
கோல்ஃப் மைதானக் கட்டணம், எண் இருக்கிறது.
வாடிக்கையாளர் மனைவிக்குப் பூங்கொத்து, இருக்கிறது.
கோட்டுக்கு இஸ்திரி, இருக்கிறது.
கடைசியில் 'இதர' என்று போட்டேன்.

மேலாளர் நோகுதூலாவிடம் போய் நின்றேன்.
இனி டிக்கெட் போடும் முன்னால்
போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்போமே,
என்ன வேண்டும், இப்போது போக முடியுமா என்று.
பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்.
"என் மூத்தவன் பிறந்த வருஷம்
பயணம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.
பதவி உயர்வு வரவில்லை.
காரணம் இல்லை என்றுதான்
அவர்களும் எழுதியிருந்தார்கள்."
பிறகு ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்:
"எழுது. என்னென்ன கேட்கவேண்டும்?"

இன்று ஜோஹனஸ்பர்க் தலைமையகத்திலிருந்து கடிதம்.
எழுபத்தைந்து ராண்ட், இதர, விளக்கம் தேவை.
பால் கெடாமல் இருக்க, என்றேன்.
பத்து நிமிஷத்தில் பதில்:
எந்தப் பால்? காப்பிக்கா?
அறையிலேயே பொடி வைத்திருப்பார்களே?

முதுகுக்குப் பின்னால் கப்பல் ஒன்று ஊதியது,
குளிர்பெட்டி ஏற்றிக்கொண்டு கிளம்புகிறதோ என்னவோ.
தாய்ப்பால் என்று அடித்தேன்.
கீழே சிவப்புக் கோடு போட்டு
பிழையா என்று கேட்டது கணினி.

பிழை இல்லை என்று அழுத்தினேன்.