வல்லூர் அளவுகோல்

வெள்ளைப் பலகையில் கறுப்புக் கோடுகள்.
அடி, அங்குலம்.
காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும்
நான் வாசிக்கும் ஒரே புத்தகம்.

சித்திரையில் பூஜ்யம்.
வைகாசியில், சோம்பலில்,
"மேற்படி" என்று ஒருநாள் எழுதிவிட்டேன்.
செக்‌ஷன் ஆபீசர் கத்தினார்:
தண்ணி இல்லேங்கறதையும்
தினம் புதுசா எழுதணும்யா.

நகரி மலையில் இடித்தால்
எனக்கு இங்கே கேட்காது.
ஓரிரு நாள் கழித்து நிறம் வரும்.
முதலில் செம்மண், பிறகு வாழைமட்டை,
யாருடைய வயலிலோ நட்ட நாற்று.
ஒரு வருஷம் வைக்கோல்போர் ஒன்று
கலையாமல் வந்தது,
உச்சியில் ஒரு கோழி.
பதிவேட்டில் கோழிக்குக் கட்டம் இல்லை.

வருகிற வழியிலேயே பூண்டியில் பிடித்து
குடிக்கத் தக்கதைப் புழலுக்கு அனுப்பிவிடுவார்கள்.
பட்டணம் போதும் என்ற பிறகு மிஞ்சுவதுதான்
என் பலகையைத் தொடும்.
அதை நான் அளந்து
மணலிப் பக்கம் அனுப்புவேன்,
எண்ணூருக்கு அது
என்னவாகிப் போகிறதோ.

காட்டுக்குப்பத்தில் என் மச்சான் தேசப்பன்
முகத்துவாரத்தில் இறால் தடவுகிறவன்.
இடுப்பளவு இருந்த இடத்தில்
சாம்பல் படிந்து முழங்காலளவு என்பான்.
"ஆறு எங்க மச்சான் வருது?
கடல்தான் ரெண்டு வேள
எட்டிப் பாத்துட்டுப் போவுது."

தை பௌர்ணமியில் கீழ்ப்பக்கம் இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
ஆறு நின்று பத்து நாள்.
ஆனால் ஒரு செருப்பு மிதந்து
மேற்கே போய்க்கொண்டிருந்தது.
விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்.
உப்பு.
கிழக்கிலிருந்து வரும் நீருக்கும்
கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: இரண்டு அங்குலம்.
யாரும் கேட்கவில்லை.
அன்றிலிருந்து எழுதுகிறேன்.

போன கார்த்திகையில், ராத்திரி இரண்டே முக்காலுக்கு
உத்தரவு வந்தது.
நாலு மணிக்கு ஷட்டரைத் தூக்கு.
தாசில்தாருக்குச் சொல்லியாயிற்று,
தாசில்தார் சொல்லுவார்.

தேசப்பன் போனை எல்லம்மா எடுத்தாள்.
"அவரு தண்ணியில இருக்காருண்ணா."
எந்தத் தண்ணி என்று
கேட்கிற நேரமா அது?
"பறியும் எடுத்துட்டுப் போயிருக்காரு" என்றாள் அவளே.
ஆள் அனுப்பு, என்றேன்.
டார்ச் அடிக்கச் சொல்லு.

நாலு மணி.
திருகில் கை வைத்தேன்.
முதுகுக்குப் பின்னால்
நகரியும் நந்தியும் பெயர் தெரியாத ஏரிகளும்
தோள் இடித்து நின்றன.
ஒரு சுற்று.
பீடி பற்றவைத்தேன்.
எனக்குப் பீடிப் பழக்கம் கிடையாது.
இன்னொரு சுற்று.
மழையில் பீடி அணைந்தது.
மறுபடி பற்றவைத்தேன்.

ஷட்டர் முழுசாக ஏறியபோது
ஐந்தாகப் பத்து நிமிஷம்.
பதிவேட்டில்: 4.00.
இருபத்திரண்டு வருஷத்தில்
மையில் எழுதிய முதல் பொய்.

விடிந்ததும் தேசப்பன் கூப்பிட்டான்.
வலை போச்சு, என்றான்.
பறி போச்சு.
பின்னால் கரையில் பெண்கள் சத்தம்.
"இன்னா மச்சான், ராத்திரி தண்ணி
நடந்து வந்தாப்ல வந்துச்சு?"

மேல மழை கம்மி, என்றேன்.